முகம் அறிந்த கடன்

கரிசல் மண் உழவனை அவசரப்படுத்தும் மண். ஈரம் நிற்கும் சில நாட்களுக்குள் விதை விழுந்தாக வேண்டும். நாள் தவறினால் நிலம் இறுகிப் பாளம் பாளமாக வெடித்துவிடும். நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் வட்டாரத்து அங்கத்தினர்களுக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசியிலும் ஐப்பசியிலும் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மல்லி, மிளகாய் ஆகியவற்றைப் போட்டுவிட்டு, வடகிழக்குப் பருவமழையை நம்பி வானத்தைப் பார்த்திருப்பதே நம் வாழ்க்கை. மண்ணுக்குள்ள அவசரம் பணத்துக்கும் உண்டு. களையெடுப்புக் கூலியை மாசி மாதத்தில் தருகிறேன் என்று சொன்னால், கார்த்திகை மாதத்துக் களை அதுவரை காத்திருப்பதில்லை.

2016-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலையில், அத்தகைய அவசரத்தோடு வந்த ஒரு பெரியவரை மத்தியக் கூட்டுறவு பாங்கின் கிளை ஒன்றின் வாசலில் கண்டேன். நான் இன்ஸ்பெக்டர் வேலையில் சேர்ந்து அப்போது இரண்டாம் ஆண்டு. பெரியவர் கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் 500 ரூபாய் நோட்டுகள் 14 இருந்தன. ஆடு விற்ற பணம். கணக்கில் கட்டிவிட்டுக் களைக்கூலிக்கும் உரத்துக்கும் வேண்டிய அளவு புது நோட்டாக வாங்கிப் போக வந்திருந்தார். நோட்டை வாங்க முடியாது என்று உள்ளே சொல்லிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டார்:

“நேத்து வரைக்கும் வாங்குன நோட்டுத்தானே, தம்பி? ராத்திரியோட ராத்திரியா நோட்டு மாறிப்போச்சா, இல்ல நம்ம பாங்கு மாறிப்போச்சா?”

நான் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவன். அந்தக் கேள்விக்கு என் பாடப் புத்தகங்களில் விடை இல்லை. ஆண்டுகள் பல சென்றுவிட்டன. ஆயினும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அன்று எனக்கு டெல்லியின் மீதும் பெரிய பாங்குகளின் மீதும் உண்டான கோபத்தையும், அந்தக் கோபம் பின்னர் என் மீதே திரும்பிய விதத்தையும் நம் சங்கங்களின் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் சர்க்கார் ஊழியன். கட்சி அரசியல் பேசும் உரிமையும் விருப்பமும் எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்வது எவருக்கும் விரோதமாகாது என்று நம்புகிறேன்.

அன்று வந்த உத்தரவு

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது யாவருக்கும் நினைவிருக்கும். நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் அவ்விரு நோட்டுகளாக இருந்தது. 10-ஆம் தேதி முதல் எல்லா பாங்குகளும் பழைய நோட்டுகளை வாங்கத் தொடங்கின. மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்குகளும் வாங்கின. நான்கு நாட்கள் கழிந்தபின், 14-ஆம் தேதி, ரிசர்வ் பாங்கு ஓர் உத்தரவு பிறப்பித்தது. மத்தியக் கூட்டுறவு பாங்குகள் தம் வாடிக்கைக்காரர்களுக்கு வாரம் ரூ. 24,000 வரை கொடுக்கலாம். ஆனால் பழைய நோட்டுகளை மாற்றித் தரவும் கூடாது, கணக்கில் ஏற்கவும் கூடாது என்பதே அந்த உத்தரவு. மற்ற பாங்குகளுக்கு இந்தத் தடை இல்லை.

கொடுக்கலாம் என்பது சரி; கொடுப்பதற்கு ரொக்கம் எங்கிருந்து வரும்? இதை அங்கத்தினர்கள் சற்றுக் கவனித்து அறிந்துகொள்ள வேண்டும். நம் கிராமத்துக் கடன் சங்கம் மத்தியக் கூட்டுறவு பாங்கில் கணக்கு வைத்திருக்கிறது. மத்தியக் கூட்டுறவு பாங்கோ தனக்கு வேண்டிய ரொக்கத்தைப் பெரிய வர்த்தக பாங்குகளிலிருந்து பெறுகிறது. ரிசர்வ் பாங்கின் புது நோட்டுகள் வந்திறங்கும் பெட்டகங்கள் பெரும்பாலும் அந்தப் பெரிய பாங்குகளின் பொறுப்பில் இருப்பவை. ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சமாக இருக்கும்போது, கிணறு யாருடையதோ அவர் வீட்டுப் பானைதானே முதலில் நிறையும்? நம் முறை வரும்போது கிணற்றில் சேறுதான் இருந்தது.

நெசவாளர் சங்கங்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அச்சங்கங்கள் நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் மத்தியக் கூட்டுறவு பாங்கிலிருந்தே காசுக்கடன் பெறுகின்றன. பேரேட்டில் கடன் வரம்பு இருந்தது. கல்லாவில் நோட்டு இல்லை. தறியில் இருந்து சேலையை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்த நெசவாளி, சனிக்கிழமைக் கூலிக்குப் பதிலாக ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். சீட்டைக் கொண்டுபோய் அரிசிக் கடையில் கொடுக்க முடியுமா?

பின்னர் சலுகைகள் வந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. நவம்பர் 17-ஆம் தேதி, பயிர்க்கடன் கணக்குகளிலிருந்து விவசாயிகள் வாரம் ரூ. 25,000 எடுக்கலாம் என்றார்கள். 21-ஆம் தேதி, சர்க்கார் விதை விற்பனை நிலையங்களில் பழைய 500 ரூபாய் நோட்டைக் கொடுத்து விதை வாங்கலாம் என்றார்கள். 23-ஆம் தேதி, கூட்டுறவு பாங்குகள் மூலம் பயிர்க்கடன் வழங்குவதற்காக நபார்டு பாங்கு ரூ. 21,000 கோடி அளிக்கும் என்றார்கள். 2017 ஜனவரியில், கூட்டுறவுப் பயிர்க்கடன்களுக்கு நவம்பர், டிசம்பர் மாத வட்டியை மத்திய சர்க்கார் ஏற்க ரூ. 660.50 கோடி ஒதுக்கினார்கள். தடைக்கு முந்திய நான்கு நாட்களில் மத்தியக் கூட்டுறவு பாங்குகள் வாங்கி வைத்திருந்த பழைய நோட்டுகளை ரிசர்வ் பாங்கில் கட்ட 2017 ஜூன் 20-ஆம் தேதிதான் அனுமதி கிடைத்தது. அதற்குள் ஏழு மாதங்கள் ஓடிவிட்டன. அந்த ஆண்டு வானமும் நம்மைக் கைவிட்டது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரி 10-ஆம் தேதி தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என அறிவிக்கப்பட்டன.

செல்லாத நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்ப வந்துவிட்டதாக ரிசர்வ் பாங்கின் 2017-18 ஆண்டறிக்கை தெரிவித்தது. 2023 ஜனவரி 2-ஆம் தேதி, ஐந்து நீதிபதிகளில் நால்வர் அந்நடவடிக்கை செல்லும் என்றும், நீதிபதி நாகரத்னா சட்டப்படி அது முறையாகச் செய்யப்படவில்லை என்றும் தீர்ப்பளித்தனர். சட்டத்தின் வழக்கு அவ்வாறு முடிந்தது. மஞ்சள் பைக்காரரின் வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம் எங்கும் இல்லை.

பெரிய பாங்கின் வாசலில்

அந்த நாட்களில் சங்கக் காரியதரிசி ஒருவரையும் அழைத்துக்கொண்டு, ரொக்கம் கேட்பதற்காக ஒரு பெரிய பாங்கின் கிளைக்குச் சென்றேன். பாங்கின் பெயர் இங்கே வேண்டாம். காலை பத்து மணிக்குப் போனவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு மானேஜரைக் கண்டோம். அவர் வடக்கேயிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், தமிழ் தெரியாது. மரியாதையாகவே பேசினார். பல நாட்களாகத் தூங்காத கண்கள். அவர் வேறு எங்கோ இருப்பவரின் உத்தரவை நிறைவேற்றுபவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆகையால் அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வி மட்டும் என்னைச் சுட்டது.

“உங்கள் அங்கத்தினர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? அதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் பக்கத்தில் நின்ற காரியதரிசிக்கு அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் திகைத்துப் போனார். தம் சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவரின் புஞ்சைக்கும் உள்ள பெயரை அறிந்தவர் அவர். எந்தப் புஞ்சையில் உவர் தட்டும், யார் வீட்டில் கல்யாணக் கடன் இருக்கிறது, யார் மகன் திருப்பூரிலிருந்து மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான், யார் தண்ணீர் பட்ட மிளகாயை வற்றலில் கலப்பார் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. அவரைப் பார்த்து ‘அங்கத்தினர் யார் என்று தெரியுமா’ என்று கேட்டால் அவர் என்ன விடை சொல்வார்?

கள்ளநோட்டைக் கண்டறியும் வசதி கூட்டுறவு பாங்குகளுக்குப் போதாது என்பதும், வாடிக்கைக்காரர் யார் என்று உறுதி செய்யும் முறை அங்கே பலவீனமானது என்பதும் அத்தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். சுருங்கச் சொன்னால், ‘உங்களுக்கு உங்கள் ஆட்களைத் தெரியாது’ என்று நம்மைப் பார்த்துச் சொன்னார்கள். கூட்டுறவின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதைவிட வேதனையான சொல் வேறு இல்லை.

கூட்டுறவு பிறந்த காரணம்

ஜெர்மனி தேசத்தில் 1860-களில் ராய்ஃபைசன் என்பவர் கிராமக் கடன் சங்கங்களை நிறுவியபோது, அவர் கைக்கொண்ட மூலதனம் ஒன்றே: ஒரு கிராமத்தார் ஒருவரையொருவர் அறிவார்கள். சொத்து ஜாமீன் இல்லாத ஏழைக்கு, அக்கம்பக்கத்தார் அவன் நாணயத்தைப்பற்றி அறிந்துள்ளதே ஜாமீன். சென்னை மாகாணத்து அதிகாரியான பிரெடரிக் நிக்கல்சன் அந்த முறையை ஆராய்ந்து 1895-இல் தம் அறிக்கையின் முதற் பகுதியை அளித்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லாவில் திரூர் கிராமத்துச் சங்கமும், சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றின.

சங்கங்கள் இவ்வாறு முளைவிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, பெரிய ஸ்தாபனத்தின் மீது வைத்த நம்பிக்கை என்ன ஆகும் என்பதையும் சென்னை கண்டது. நூறாண்டுப் பெருமையுடைய ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் முறிந்தது. உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் சிறு வியாபாரிகளும் அதில் போட்டிருந்த பணம் போயிற்று. அதன் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். அந்தக் கலக்கத்திலிருந்துதான், வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்கு பிறந்தது. கட்டடத்தின் உயரம் நாணயத்தின் அளவாகாது என்பதை நம் மாகாணம் அன்றே விலை கொடுத்துக் கற்றது.

சுதந்திரத்திற்குப் பின் 1951-52-இல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் விசாரணையின் முடிவுகள் 1954-இல் வெளிவந்தன. உழவன் வாங்கிய 100 ரூபாய்க் கடனில் ஏறக்குறைய 70 ரூபாய் வட்டிக்காரர்களிடமிருந்து வந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3 ரூபாய் சொச்சம். வர்த்தக பாங்குகள் கொடுத்தது 1 ரூபாய்கூட இல்லை. அந்த விசாரணையின் பயனாக 1955 ஜூலை 1-ஆம் தேதி இம்பீரியல் பாங்கு, ஸ்டேட் பாங்கு ஆயிற்று. 1969 ஜூலை 19-ஆம் தேதி 14 பாங்குகளும், 1980-இல் மேலும் 6 பாங்குகளும் தேசிய உடைமையாயின. பாங்குகள் கிராமத்தை எட்டிப் பார்க்க வேண்டும் என்பது அந்நடவடிக்கைகளுக்குச் சொல்லப்பட்ட நோக்கங்களில் தலையாயது. அதனால் நன்மை விளையவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கிளைகள் வந்தன, கடனும் வந்தது. ஆனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறும் மானேஜருக்கு, புஞ்சையின் பெயர் தெரிய வழியில்லை. 2017-லும் 2020-லும் பல பாங்குகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. பாங்கு பெருக்கப் பெருக்க, அதன் தலைமை நம் ஊரிலிருந்து விலகிப் போயிற்று.

அறியாமல் கொடுத்த கடன்

நம்மை ‘ஆளறியாதவர்கள்’ என்று சொன்ன பெரிய பாங்குகள் தம் ஆட்களை எவ்வளவு அறிந்திருந்தன?

நவம்பர் உத்தரவுக்கு எட்டு மாதங்களுக்கு முன்பு, 2016 மார்ச் 2-ஆம் தேதி, விமானக் கம்பெனி நடத்திய விஜய் மல்லையா இந்தியாவை விட்டுச் சென்றார். அவரிடமிருந்து சுமார் ரூ. 9,000 கோடி வரவேண்டும் என்று ஸ்டேட் பாங்கு தலைமையிலான பாங்குகள் வழக்காடிக்கொண்டிருந்தன. 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் பாங்கின் பம்பாய்க் கிளை ஒன்றில் நடந்த மோசடி வெளிவந்தது. வைர வியாபாரி நீரவ் மோடி, அவருடைய உறவினர் ஆகியோரின் கம்பெனிகளுக்காக அந்தக் கிளையின் சிலர் வெளிநாட்டு பாங்குகளுக்கு உறுதிக் கடிதங்கள் அனுப்பினர். அவை பாங்கின் மூலக் கணக்கில் பதியப்படவேயில்லை. தொகை ரூ. 13,000 கோடியைத் தாண்டியதாகச் சொல்லப்பட்டது. நம் சங்கத்தில் ஒரு மூட்டை உரம் பதியாமல் வெளியே போனால், காரியதரிசி என் முன் நின்று பதில் சொல்ல வேண்டும்!

2017 அக்டோபரில் சர்க்கார் பாங்குகளுக்கு ரூ. 2.11 லட்சம் கோடி மூலதனம் சேர்க்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் பாங்குகள் ரூ. 12 லட்சம் கோடிக்கு மேல் வராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக மத்திய சர்க்கார் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. இந்த இடத்தில் ஒரு விளக்கம் அவசியம். கணக்கிலிருந்து நீக்குவது வேறு, தள்ளுபடி வேறு. நீக்கப்பட்ட கடனையும் வசூலிக்கும் உரிமை பாங்குக்கு உண்டு; சிறிது வசூலும் ஆகிறது. மேடைகளில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். நம் அங்கத்தினர்கள் அந்தப் பிழையைச் செய்யலாகாது. உண்மையைச் சரியாகச் சொன்னாலே போதும். நம் கட்சி பலமாகத்தான் இருக்கிறது.

நம் கணக்கில் உள்ள பிழை

இதுவரை எழுதியதைப் படித்து, ‘அப்படியானால் குற்றமெல்லாம் டெல்லியிலும் பம்பாயிலுந்தான்’ என்று அங்கத்தினர்கள் எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் அந்த எண்ணத்தை மாற்றினார்.

2016-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், இவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றை நான் ஆய்வு செய்தேன். பேரேடுகள் ஒழுங்காக இருந்தன. ரொக்க இருப்பு சரியாக இருந்தது. ஆனால் அங்கத்தினர் பதிவேட்டில் பலருக்குப் புகைப்படம் இல்லை. ஆதார் நகல் இல்லை. இறந்துபோனவர்களின் பெயரிலேயே பட்டா இருந்தது. ஆய்வுக் குறிப்பில், “கே.ஒய்.சி. பத்திரங்களில் உள்ள குறைகளைச் சரி செய்யவும்” என்று ஒரு வரி எழுதினேன். “எல்லாரும் நமக்குத் தெரிந்தவர்கள்தான், சார்” என்றார் காரியதரிசி. நானும் சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். மீண்டும் சென்று பார்க்கவில்லை.

அந்தக் குறை உடையவர்களில் கணவனை இழந்த ஓர் அம்மாளும் ஒருவர். மூன்று ஏக்கர் புஞ்சையில் மக்காச்சோளம் போட்டிருந்தார். அவருடைய பயிர்க்கடன் மனு நவம்பரில் நின்றுபோயிற்று. பட்டா கணவர் பெயரில். ஆதாரில் தலைப்பெழுத்து வேறு. கணக்கில் புகைப்படம் இல்லை. சாதாரண காலமாயிருந்தால் இரண்டு பேர் சாட்சி சொல்லிக் காரியம் முடிந்திருக்கும். எல்லோரையும் சந்தேகிக்கும் காலத்தில் சாட்சி எடுபடவில்லை. ஐந்து வாரம் அலைந்தபின் கடன் கிடைத்தது.

ஐந்து வாரத்தில் என்ன நேர்ந்துவிடும் என்று கேட்கலாம். அந்த ஆண்டுதான் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் புதிதாக நடைமுறைக்கு வந்திருந்தது. பயிர்க்கடன் பெறுவோர் கட்டாயமாக அதில் சேர்க்கப்பட்ட காலம் அது. 2020-இல்தான் அது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. கடன் கொடுக்கும்போதே காப்பீட்டுக் கட்டணம் பிடிக்கப்படும். ராபி பருவத்து உணவுப் பயிருக்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்தான் உழவனின் பங்கு. அம்மாளுக்குக் கடன் கிடைத்தபோது காப்பீட்டுக்குரிய கடைசி நாள் கடந்துவிட்டது. மழை பொய்த்தது, பயிர் கருகிற்று. மறு ஆண்டில் பக்கத்துப் புஞ்சைக்காரர்களுக்கு இழப்பீடு வந்தது. அவருக்கு வரவில்லை.

மழை பெய்யாதது என் குற்றம் அன்று. நோட்டு செல்லாமல் போனதும் என் குற்றம் அன்று. ஆனால் ஆனி மாதத்தில் நான் எழுதிய அந்த ஒரு வரிக்குப் பின்னால் மறுபடியும் ஒருநாள் சென்று நின்றிருந்தால், அந்த அம்மாளின் பத்திரங்கள் ஐப்பசிக்கு முன்பே சரியாகியிருக்கும். பெரிய பாங்கின் மானேஜர் “என்ன ஆதாரம்?” என்று கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி, விடை நம்மிடம் எழுத்தில் இல்லை என்பதால் வந்த வெட்கம். நாம் முகத்தை அறிந்திருந்தோம். அறிந்ததை எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத அறிவை அயலார் அறிவாக ஏற்கமாட்டார்கள்.

வேறு பிழைகளும் உண்டு. 2021-இல் ஐந்து பவுனுக்குட்பட்ட கூட்டுறவு நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்யச் சர்க்கார் முன்வந்தபோது, மாநிலமெங்கும் நடந்த ஆய்வில் சில சங்கங்களில் போலி நகைக்கும், ஒரே ஆளுக்குப் பலமுறையும் கடன் கொடுத்திருப்பது வெளிப்பட்டது. சிலர் செய்த தவற்றுக்குச் சிறுமை எல்லாச் சங்கங்களுக்கும் வந்தது.

கடன் தள்ளுபடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990-இலும் 2008-இலும் மத்திய சர்க்காரும், 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் மாநில சர்க்காரும் உழவர் கடன்களைத் தள்ளுபடி செய்தன. 2021-இல் மட்டும் தமிழ்நாட்டுக் கூட்டுறவுப் பயிர்க்கடன் ரூ. 12,110 கோடி, சுமார் 16.43 லட்சம் பேருக்குத் தள்ளுபடியாயிற்று. வறட்சியில் வாடும் உழவனுக்கு அது உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் தவணை தவறாமல் கட்டிய அங்கத்தினர், “கட்டுனவன் ஏமாளியா, சார்?” என்று கேட்கும்போது எனக்கு விடை தெரிவதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பேரேட்டைத் திருத்தும் வழக்கம் நிலைத்துவிட்டால், அங்கத்தினரின் நாணயம் என்னும் ஜாமீன் தேய்ந்துவிடும். அந்த ஜாமீன் போனபின் சங்கத்துக்கும் பெரிய பாங்குக்கும் வேற்றுமை என்ன?

செய்ய வேண்டியவை

2021 ஜூலையில் மத்திய சர்க்கார் கூட்டுறவுக்கென்று தனி அமைச்சகம் அமைத்தது. 2022 ஜூனில் 63,000 கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடித் திட்டத்திற்கு அனுமதி அளித்தது. கணினி நல்ல கருவி. ஆனால் பதிவேட்டில் இல்லாததைக் கணினி தானாக அறியாது. கூட்டுறவு மாநிலப் பட்டியலைச் சேர்ந்த விஷயம் என்பதையும் நாம் மறக்கலாகாது. நெருக்கடிக் காலத்தில் மத்தியக் கூட்டுறவு பாங்குகளுக்கு ரொக்கம் வந்து சேர நிச்சயமான வழி வேண்டும், நம்மைப் பாதிக்கும் உத்தரவுகளுக்கு முன் நம்மையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்னும் கோரிக்கைகளை மகாசபைகளில் தீர்மானமாக நிறைவேற்றி மேலிடத்துக்கு அனுப்புவது நம் உரிமை.

அதற்கு முன்பு நம் வீட்டைச் செப்பனிட வேண்டும். ஒவ்வோர் அங்கத்தினரும் ஆடி முடிவதற்குள் ஒருமுறை சங்கத்துக்குச் சென்று, தம் பெயர், பட்டா, ஆதார், புகைப்படம், வாரிசு நியமனம் ஆகியவை சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இறந்தவர் பெயரில் பட்டா இருந்தால், விதைப்புக்கு முன்பே தாலுகா ஆபீஸில் மனுச் செய்ய வேண்டும். காப்பீட்டுக் கட்டணம் கட்டியதற்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும். நெசவாள அங்கத்தினர்களும் கூலிக் கணக்கு, சிக்கன நிதிக் கணக்கு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் கண்ணால் பார்க்க வேண்டும்.

சங்கத்தில் சேமியுங்கள் என்று சொல்வது என் கடமை. அதனுடன் மற்றொன்றையும் சொல்லாவிட்டால் நான் நேர்மை தவறியவனாவேன். மத்தியக் கூட்டுறவு பாங்கில் உள்ள டெபாசிட்டுக்கு, மற்ற பாங்குகளைப் போலவே, 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ரூ. 5 லட்சம் வரை காப்புறுதி உண்டு. கிராமக் கடன் சங்கத்தில் நேரடியாகப் போடும் டெபாசிட்டுக்கு அந்தக் காப்புறுதி இல்லை. அங்கே நம் பணத்துக்குக் காவல், சரியான தணிக்கையும் அங்கத்தினர்களின் விழிப்பும்தான். ஆகவே மகாசபைக்கு வாருங்கள். தேநீர் குடித்துவிட்டுக் கையெழுத்திட்டுப் போகாதீர்கள். தணிக்கை அறிக்கையைப் படிக்கச் சொல்லுங்கள். சங்கத்தின் பணம் எங்கே முதலீடு செய்யப்பட்டிருக்கிறது, நிலுவை யார் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பவரை நிர்வாகக் குழுவினர் பகைவராக எண்ணலாகாது.

இன்ஸ்பெக்டர்களாகிய எங்களுக்கும் ஒரு விதி வேண்டும். “சரி செய்யவும்” என்று எழுதியவர், முப்பது நாட்களுக்குள் மறுபடியும் சென்று சரியாயிற்றா என்று பார்க்க வேண்டும். 2017 முதல் நான் இந்த விதியைக் கைக்கொண்டு வருகிறேன். சில காரியதரிசிகளுக்கு இதனால் என்மீது மனத்தாங்கல் உண்டு. அதை நான் பொருட்படுத்துவதில்லை.

அந்த அம்மாள் இன்றும் அதே புஞ்சையில் பயிர் செய்கிறார். பட்டா இப்போது அவர் பெயரில் இருக்கிறது. சென்ற ஆய்வின்போது சங்கத்துக்கு வந்திருந்தார். “என் தாளு எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க, தம்பி” என்றார். பதிவேட்டைத் திருப்பி, புகைப்படத்தையும் நகல்களையும் ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டினேன். அன்று நான் செய்திருக்க வேண்டிய வேலை அவ்வளவுதான்.

டெல்லியில் எந்த உத்தரவு எந்த இரவில் பிறக்கும் என்பது நம் கையில் இல்லை. பெரிய பாங்கின் பெட்டகத் திறவுகோலும் நம் கையில் இல்லை. நம் பதிவேடு நம் கையில் இருக்கிறது. இந்த ஆண்டு விதைப்புக்கு முன் நாகலாபுரம் வட்டாரத்துச் சங்கங்களில் ஒரு பதிவேடுகூடக் குறையுடையதாக இருக்கலாகாது என்று அங்கத்தினர்களையும் காரியதரிசிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.